நிலைவகை நிரல்மொழியும் சங்க இலக்கிய இணையப் பதிப்பும்: டைப்ஸ்கிரிப்ட் கற்றலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இலக்கியப் பதிப்பு, சொல்லடைவு, பாடல் தேடல் ஆகியவற்றை இணையத்தில் அமைக்க முற்படும் தமிழ் ஆய்வாளர் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலிருந்தே தொடங்குகிறார். அம்மொழியில் மதிப்புகளின் வகை நிரல் இயங்கும்போதுதான் தெரியவரும். ஆகவே சில பிழைகள் எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான பாடலையும் தவறான எண்ணிக்கையையும் தந்துவிடுகின்றன. நிரல் இயங்குமுன்பே வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் மொழியைக் கற்பதால் இவற்றுள் எவை நீங்கும், எவை நீங்கா என்பதைச் சங்க இலக்கியத் தரவுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தரவில் எவையெவை நிகழக்கூடும் என்பதை முன்கூட்டியே வரையறுத்து எழுதும் பயிற்சியே நிலைவகை மொழியைக் கற்பதன் முதன்மைப் பயன் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிலைவகை, டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட், இணையப் பதிப்பு, சங்க இலக்கியம், ஒருங்குறி.

முன்னுரை

அச்சு நூலில் ஒரு பாடல் எண் தவறாக இருப்பின் அத்தவறு அந்தப் பக்கத்தில் நிற்கும். அடுத்த பதிப்பில் திருத்தப்படும். இணையப் பதிப்பில் நிரல் தவறாக இருப்பின் அதே தவறு நூற்றுக்கணக்கான பாடல்களில் பரவும். அப்பக்கத்திலிருந்து எண்ணிக்கை எடுத்து ஆய்வேடு எழுதுவோர், அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பார்க்கும் வாய்ப்பைப் பெறுவதில்லை. எனவே, தரவுகளைக் கையாளும் நிரலின் நம்பகத்தன்மை என்பது கணினித் துறையினரின் கவலை மட்டுமன்று. அத்தரவை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் ஆய்வாளரின் கவலையுமாகும். இந்நோக்கிலேயே நிலைவகை மொழி பற்றிய விளக்கம் இங்குத் தரப்படுகிறது. நிரலாக்கத்தில் முன்பயிற்சி இல்லாதவரும் தொடர்ந்து படிக்கும் வகையில் நிரல் வரிகளைத் தவிர்த்து, கருத்துகள் மட்டும் விளக்கப்பெறுகின்றன.

நிலைவகையும் இயங்குவகையும்

நிரலில் கையாளப்படும் ஒவ்வொரு மதிப்பும் ஏதேனும் ஒரு வகையைச் சார்ந்தது. 40 என்பது எண். "குறுந்தொகை" என்பது எழுத்துகள் தொடர்ந்து அமைந்த சரம். ஒரு பாடலின் எண், ஆசிரியர், திணை, அடிகள் ஆகியவற்றை ஒருங்கே கொண்டது பொருள். வகையானது மதிப்பின்மீது எச்செயல்களை நிகழ்த்தலாம் என்பதை வரையறுக்கிறது. எண்ணைப் பெருக்கலாம், சரத்தைப் பெருக்குவதற்குப் பொருளில்லை.

இவ்வகைகளைச் சரிபார்க்கும் காலத்தைக் கொண்டு மொழிகளை இரண்டாகப் பகுப்பர். நிரல் இயங்கும்போது மட்டும் வகையைக் கவனிப்பவை இயங்குவகை மொழிகள். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆகியன இத்தகையன. நிரல் இயங்குமுன்பே அதன் வரிகளைப் படித்து, வகைகள் ஒன்றோடொன்று இயைகின்றனவா என ஆராய்பவை நிலைவகை மொழிகள். ஜாவா, சி ஷார்ப், ஹாஸ்கெல் ஆகியன இத்தகையன. இந்த ஆராய்ச்சியைச் செய்யும் மென்பொருள் கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியாகும். இயங்குவகை மொழியில் ஒரு பிழை வெளிப்பட வேண்டுமாயின் அப்பிழையுள்ள வரி இயங்கியாக வேண்டும். எவரும் தொடாத பாடலில் பிழை இருப்பின் அது ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நிலைவகை மொழியிலோ வரி இயங்க வேண்டிய தேவையில்லை, எழுதப்பட்டிருந்தாலே ஆராயப்படும்.

இணைய நிரலாக்கத்தில் வகைச் சரிபார்ப்பின் வரவு

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். அதன் முதல் வடிவம் ஏறத்தாழ பத்து நாள்களில் அமைக்கப்பட்டது. வலைப்பக்கத்தில் சிறு அசைவுகளையும் படிவச் சரிபார்ப்புகளையும் செய்வதே அன்றைய நோக்கமாக இருந்தமையால், வகை பொருந்தாத இடங்களில் நிரலை நிறுத்தாமல், ஒரு வகையை மற்றொரு வகையாகத் தானே மாற்றிக்கொண்டு மேற்செல்லும் இயல்பு அதற்கு அமைந்தது. பின்னாளில் பல்லாயிரம் வரிகள் கொண்ட செயலிகள் அதே மொழியில் எழுதப்பட்டபோது அந்நெகிழ்ச்சியே இடராயிற்று.

இதற்கு ஒரு விடையாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் ஆகியவற்றின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ஆண்டர்ஸ் ஹேல்ஸ்பெர்க் இதனையும் வடிவமைத்தார். டைப்ஸ்கிரிப்ட் புதிதாகத் தொடங்கப்பட்ட தனிமொழி அன்று. ஜாவாஸ்கிரிப்டின்மேல் வகைக் குறிப்புகளைச் சேர்த்தெழுதும் விரிவாக்கம். நிரல்பெயர்ப்பி அக்குறிப்புகளை ஆராய்ந்தபின் அவற்றை நீக்கிவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டை வெளியிடும். உலாவி இயக்குவது அதனையே. வகைக் குறிப்புகள் இயக்க நேரத்தில் எஞ்சுவதில்லை என்னும் இச்செய்தி பின்னர் வரும் வரையறைகளுக்கெல்லாம் அடிப்படையாதலின் கற்போர் இதனை முதலிலேயே மனங்கொள்ள வேண்டும்.

ஒரு கூட்டல் குறியின் விளைவு

குறுந்தொகைப் பாடல்களை ஒவ்வொன்றாகக் காட்டும் வலைப்பக்கம் ஒன்றைக் கருதுவோம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. பக்கத்தின் முகவரியில் பாடல் எண் இடம்பெறும். "அடுத்த பாடல்" என்னும் பொத்தானை அழுத்தினால் முகவரியிலுள்ள எண்ணுடன் 1 கூட்டப்பட வேண்டும்.

முகவரியிலிருந்து பெறப்படும் எதுவும் எண்ணாக வருவதில்லை, சரமாகவே வரும். செம்புலப்பெயனீரார் பாடிய 40ஆம் பாடலில் நிற்கும் வாசகர் பொத்தானை அழுத்துகிறார். ஜாவாஸ்கிரிப்டில் சரத்தோடு எண்ணைக் கூட்டினால் எண் சரமாக மாற்றப்பட்டு இரண்டும் ஒட்டப்படும். ஆகவே "40" உடன் 1 சேர்ந்து "401" ஆகிறது. 401ஆம் பாடல் குறுந்தொகையில் உள்ளது. அதுவே இறுதிப் பாடல். பிழைச்செய்தி தோன்றாது, ஒரு பாடல் முறையாகத் திரையில் வரும். 1ஆம் பாடலிலிருந்து 11ஆம் பாடலும், 39ஆம் பாடலிலிருந்து 391ஆம் பாடலும் வரும். 41ஆம் பாடலில் அழுத்தினால்தான் 411 என்னும் இல்லாத எண் தோன்றிப் பிழை வெளிப்படும். முதல் 40 பாடல்களிலும் தவறு சரியானதுபோலவே காட்சியளிக்கும். "முந்தைய பாடல்" பொத்தானிலோ இத்தவறு நேராது; கழித்தற்குறி சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும் என்பதால் "40" இலிருந்து 1 போக 39 கிடைக்கும். ஒரு பொத்தான் சரியாக இயங்குவது மற்றதும் சரியென்ற எண்ணத்தை ஏற்படுத்தும்.

டைப்ஸ்கிரிப்ட் இதனை எவ்வாறு எதிர்கொள்கிறது? சரத்தோடு எண்ணைக் கூட்டுவதை அதுவும் தடுப்பதில்லை. அதன் விளைவு சரம் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஆனால் பாடலைத் தேடித்தரும் செயற்கூறு எண்ணை மட்டுமே ஏற்கும் என்று நாம் அறிவித்திருந்தால், அங்குச் சரம் அனுப்பப்படும் இடத்தை நிரல்பெயர்ப்பி சுட்டிக்காட்டும். நிரல் இயங்காமலேயே 40 பாடல்களின் தவறும் ஒரே வரியில் பிடிபடும். மேலும், முகவரியில் எண்ணே இல்லாதிருக்கவும் கூடும் என்பதால், அங்கிருந்து பெறும் மதிப்பைச் சரம் அல்லது வெறுமை என்றே அது கொள்ளும். வெறுமையாயின் செய்வதென்ன என்பதற்கும் நாம் விடை எழுதியாக வேண்டும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பிழை பிடிபட்டதற்குக் காரணம் மொழி மட்டுமன்று. செயற்கூறு எதனை ஏற்கும் என்று நாம் எழுதிவைத்த அறிவிப்பும் ஆகும். அறிவிப்பு இல்லாவிடத்தில் அல்லது "எதுவாயினும் ஆகுக" எனப் பொருள்படும் "எனி" என்னும் வகையை இட்டுவைத்தவிடத்தில் நிரல்பெயர்ப்பி வாய் திறவாது.

இல்லாமையை வகையாக்கல்

இலக்கியத் தரவில் இருப்பவற்றைவிட இல்லாதவையே மிகுந்த இடர் தருவன. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. புறநானூற்றில் சில பாடல்கள் அடிகள் சிதைந்து கிடைக்கின்றன. ஆசிரியர் பெயர் தெரியாத சங்கப் பாடல்கள் 102 என்பது வழக்கமான கணக்கு. இந்த இல்லாமைகள் ஒரே தன்மையன அல்ல. பாடலே கிடைக்காமை வேறு. பாடல் கிடைத்து ஆசிரியர் பெயர் தெரியாமை வேறு. அடிகள் சிதைந்திருத்தல் வேறு.

நிரலாக்கத்தில் இவையனைத்தையும் "நல்" எனப்படும் ஒரே வெறுமை மதிப்பால் குறிப்பது பழகிய வழக்கம். இவ்வெறுமைச் சுட்டை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக அறிமுகப்படுத்திய டோனி ஹோர், 2009இல் ஆற்றிய உரையில் அதனைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்றே குறிப்பிட்டார். ஜாவாஸ்கிரிப்டில் இதன் விளைவு நுட்பமானது. புறநானூற்றுப் பாடல்களின் சராசரி அடியெண்ணிக்கையைக் கணக்கிடுவதாகக் கொள்வோம். கிடைக்காத பாடலின் அடியெண்ணிக்கை வெறுமையாக இருப்பின், கூட்டும்போது அது சுழியமாகக் கொள்ளப்படும். கூட்டுத்தொகையில் மாற்றமில்லை, ஆனால் வகுக்கும் எண் 398க்கு மாறாக 400 ஆகிவிடும். விடை சற்றே குறைந்து வரும். ஐயத்தை எழுப்பும் அளவுக்குக் குறையாது. ஆசிரியர் பெயரை வெற்றுச் சரமாக இட்டுவைத்துப் புலவர்களை எண்ணினாலும் இதே நிலைதான். பெயர் தெரியாத பாடல்களெல்லாம் பெயரற்ற ஒரே புலவர் பாடியனவாகக் கொள்ளப்பட்டு, 473 என வழங்கும் புலவர் தொகை 474 ஆகிவிடும்.

2016இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டின் 2.0 பதிப்பு இவ்விடத்தில் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தது. கடுமையான வெறுமைச் சரிபார்ப்பை இயக்கினால், வெறுமையாக இருக்கக்கூடிய மதிப்பைக் கூட்டவோ அதன் பண்புகளை அணுகவோ நிரல்பெயர்ப்பி இசைவதில்லை. வெறுமையா என முதலில் வினவியாக வேண்டும்.

அதே பதிப்பில் வந்த அடையாளக் கூறுடைய சேர்வகை இன்னும் பயனுடையது. பாடலின் நிலையைப் பின்வருமாறு வரையறுக்கலாம்:

பாடல் நிலை = கிடைத்தது | சிதைந்தது | கிடைக்காதது

"கிடைத்தது" என்னும் நிலைக்கு அடிகளும் அடியெண்ணிக்கையும் உண்டு. "சிதைந்தது" என்பதற்கு எஞ்சிய அடிகள் மட்டும் உண்டு. முழு அடியெண்ணிக்கை என்னும் பண்பே இல்லை. "கிடைக்காதது" என்பதற்குப் பாடல் எண் தவிர வேறெதுவும் இல்லை. இவ்வரையறைக்குப்பின், நிலையை வினவாமல் ஒரு பாடலின் அடியெண்ணிக்கையைக் கேட்கும் எந்த வரியையும் நிரல்பெயர்ப்பி ஏற்காது. சராசரி காண்பவர் சிதைந்த பாடல்களைச் சேர்ப்பதா விடுப்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அச்சுப் பதிப்பில் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் எழுதும் முடிவு இங்கு நிரலிலேயே இடம்பெறுகிறது.

பின்னொரு நாள் "பிற நூல் மேற்கோளால் மட்டும் அறியப்படுவது" என்னும் நான்காம் நிலையைச் சேர்க்க நேரலாம். நிலைகள் யாவும் கையாளப்பட்டுள்ளனவா என்னும் நிறைவுச் சரிபார்ப்பை நிரலில் அமைத்திருந்தால், புதிய நிலை கருதப்படாத ஒவ்வோர் இடத்தையும் நிரல்பெயர்ப்பி பட்டியலிடும். பெரிய நிரலைத் திருத்துவோர்க்கு நிலைவகையால் கிடைக்கும் பெரும்பயன் இதுவே.

இலக்கண ஒப்புமையும் அதன் எல்லையும்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இச்சரிபார்ப்பு அயலானதன்று. திணையும் பாலும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விரித்துரைக்கிறது. "அவன் வந்தது" என்னும் தொடர் வழு என்பதைக் கூற, அவன் யார், வந்தானா இல்லையா என்று அறிய வேண்டியதில்லை. சொல்லின் வடிவே போதும். வகைச் சரிபார்ப்பும் இவ்வாறே மதிப்புகளைக் காணாமல் வடிவ இயைபை மட்டும் காண்கிறது.

இலக்கணம் வழுவமைதிக்கும் இடந்தருகிறது. ஆயின் அதற்கு உவப்பு, உயர்வு முதலிய காரணம் வேண்டும். டைப்ஸ்கிரிப்டிலும் "இதனை நான் இவ்வகையென உறுதி கூறுகிறேன்" என்று நிரலாளர் நிரல்பெயர்ப்பியை அடக்கலாம். காரணம் எழுதப்படாத அத்தகைய உறுதிகள் பெருகினால் நிலைவகையின் பயன் அழியும்.

ஒப்புமை இவ்வளவில் நிற்கும். இலக்கணம் வழங்கும் மொழியிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. நிரலின் வகைகளோ நிரலாளர் தாமே விதிப்பன. விதி தவறாயின், அதற்கு இயைந்த நிரலும் தவறாகவே இருக்கும்.

நிலைவகை காணாதவை

முதலாவது, பொருட்பிழை. திணை என்னும் வகையை ஐந்திணைப் பெயர்களுக்குள் அடக்கி வரையறுத்தால் "நெய்த்தல்" எனத் தவறாகத் தட்டச்சிட்டதை நிரல்பெயர்ப்பி காட்டும். பாலைப் பாடலுக்குக் குறிஞ்சி என்று குறித்திருந்தால் காட்டாது. பாடல் எண், அடியெண்ணிக்கை இரண்டும் எண் வகையே ஆதலின் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அனுப்பினாலும் அது ஏற்கும்.

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் தரவு. வகைக் குறிப்புகள் இயக்க நேரத்தில் இல்லையாதலின், வழங்கியிலிருந்து வரும் கோப்பில் பாடல் எண் சரமாக இருந்தாலும் தடுப்பாரில்லை. ஜேசன் வடிவத் தரவைப் பிரித்தால் கிடைப்பது "எனி" வகையே. அதனை 2018இல் 3.0 பதிப்பில் வந்த "அன்நோன்" என்னும் அறியா வகையாக ஏற்று, ஒவ்வொரு பண்பையும் சோதித்தபின் உள்ளே விடும் வாயிற்காவல் நிரலை நாமே எழுத வேண்டும்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. சரம் என்னும் வகைக்குத் தமிழ் எழுத்தைப் பற்றிய அறிவில்லை. "தமிழ்" என்னும் சொல்லின் நீளம் கேட்டால் 5 என்றே விடை வரும். மகரமும் இகரக் குறியும் தனித்தனியாகவும், ழகரமும் புள்ளியும் தனித்தனியாகவும் எண்ணப்படும். 3 என்னும் விடை பெற, உலாவிகளில் உள்ள எழுத்துப் பகுப்புக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். இதைவிட நுட்பமானது "நொச்சி" போன்ற சொல். ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் குறியும் காலும் அடுத்தடுத்து வரும் இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு சரங்கள். தரவில் இரண்டும் கலந்திருப்பின், நொச்சித் திணைப் பாடல்களைத் தேடுகையில் சில விடுபடும். இரண்டும் சரமாதலின் வகைச் சரிபார்ப்பு இதனைக் காணாது. தரவு உள்ளே வரும் வாயிலிலேயே ஒருங்குறி இயல்பாக்கம் செய்வதே தீர்வு.

அளவாலும் இவ்வரையறையை உணரலாம். செங் காவ், கிறிஸ்டியன் பேர்ட், ஏர்ல் பார் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவில் திருத்தப்பட்ட 400 ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை எடுத்து, வகைக் குறிப்புகள் இருந்திருப்பின் அவை முன்பே பிடிபட்டிருக்குமா என ஆராய்ந்தது. டைப்ஸ்கிரிப்டின் 2.0 பதிப்பு அவற்றுள் 15 விழுக்காட்டைக் கண்டறிந்தது. வெளியாகித் திருத்தம் வரை சென்ற பிழைகளில் இது சிறிய அளவன்று. ஆயினும் எஞ்சிய 85 விழுக்காடு வேறு வழிகளில் காணப்பட வேண்டியனவே.

கற்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து தமிழாய்வாளர்க்கு ஏற்ற கற்றல் வரிசை ஒன்றை வகுக்கலாம். இயங்குவது ஜாவாஸ்கிரிப்டே ஆதலின் அதன் அடிப்படைகளை, குறிப்பாகத் தானியங்கு வகைமாற்றத்தை, முதலில் அறிதல் வேண்டும். டைப்ஸ்கிரிப்டைத் தொடங்கும் நாளிலேயே கடுமை அமைப்பை இயக்குதல் நன்று. பின்னர் இயக்கினால் எழும் நூற்றுக்கணக்கான பிழைச்செய்திகள் கற்போரை "எனி" வகைக்கே துரத்தும். அடுத்து, திரை அமைப்பைத் தொடாமல், தம் ஆய்வுத் தரவின் வகைகளை மட்டும் எழுதிப் பார்க்க வேண்டும். பாடல், ஆசிரியர், திணை, துறை, பாடவேறுபாடு ஆகியவற்றுள் எது கட்டாயம், எது இல்லாதிருக்கலாம், இல்லாமை எத்தனை வகை என்னும் வினாக்களுக்கு விடை கூற நிரலறிவைவிட நூலறிவே மிகுதியும் வேண்டப்படும். அதன்பின் சேர்வகைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கையாளுதலையும், வாயிற்காவல் நிரலையும் பயிலலாம். பொதுமை வகைகள் முதலிய அருங்கூறுகளைத் தேவை எழும்வரை ஒத்திவைக்கலாம்.

பிழைச்செய்தியைப் படிக்கும் பழக்கமும் பயிற்சிக்குரியது. நீண்ட செய்தியின் இறுதி வரியில்தான் பெரும்பாலும் உண்மையான முரண் கூறப்பட்டிருக்கும். செய்தியை மறையச் செய்வதைக் குறிக்கோளாகக் கொள்ளாமல், அது எழுப்பும் வினாவுக்குத் தரவில் விடை தேடுவதே கற்றலாகும்.

முடிவுரை

நிலைவகை மொழி நிரலைப் பிழையற்றதாக்குவதில்லை. எழுதியவர் அறிவித்தவற்றுக்கும் செய்தவற்றுக்கும் இடையிலான முரணை மட்டும் அது காட்டுகிறது. அவ்வறிவிப்பை எழுதும்போது, கிடைக்காத பாடல், பெயர் தெரியாத புலவர், சிதைந்த அடி ஆகியன நிரலில் எவ்வாறு நடத்தப்பெறும் என்பதை ஆய்வாளர் முடிவு செய்ய நேர்கிறது. ஆகவே, இணையப் பதிப்புகளின் வகை வரையறைகளைப் பதிப்பு நெறிகளின் ஒரு பகுதியாகக் கருதி, பதிப்புரையுடன் அவற்றையும் வெளியிடுதல் வேண்டும். அவ்வாறு வெளியிடப்படின், ஒரு சராசரி 398ஆல் வகுத்துப் பெறப்பட்டதா 400ஆல் வகுத்துப் பெறப்பட்டதா என்பதை அதனை மேற்கோள் காட்டுவோர் தாமே சரிபார்த்துக்கொள்ள இயலும்.